பாவைக்குச் செவி முளைத்த கதை

'லிவிங் டெட் டால்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு பொம்மை வரிசை உண்டு. 1998ஆம் ஆண்டில் இரு நண்பர்கள் கைவேலையாகத் தொடங்கியதை, 2000 முதல் மெஸ்கோ என்னும் நிறுவனம் ஏற்று வெளியிட்டது. ஏறத்தாழப் பத்து அங்குல உயரம், வெளிறிய முகம், கண்ணைச் சுற்றிக் கருவளையம். பொம்மை வந்து சேரும் பெட்டி சவப்பெட்டி வடிவினது. உள்ளே இறப்புச் சான்றிதழ் ஒன்றும் இருக்கும். இவ்வகைப் பொம்மைகளை வாங்கிச் சேர்ப்பவருள் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். அவர்களுள் சிலர் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நில்லாது, பொம்மையின் உடலைத் திறந்து உள்ளே சிறியதொரு மின்னணுச் சுற்றைப் பொருத்துகின்றனர். அதன்பின் யாரேனும் அருகில் கைதட்டினாலோ உரக்கப் பேசினாலோ பொம்மை சிரிக்கும், அழும், 'என்னோடு விளையாட வருகிறாயா?' என்று கேட்கும்.

சேவுக்கும் வெள்ளரிக்கும் பேனா நிப்புக்கும் பெயர்பெற்ற சாத்தூரில் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். பேசும் பாவை தமிழ் இலக்கியத்துக்குப் பழைய உறவு. முகத்தில் எவ்வளவு சாயம் பூசினாலும் வாராத அச்சம், ஒரு குரலைச் சேர்த்ததும் வந்துவிடுவது ஏன் என்ற வினாவுக்கு விடை தேடினால், மின்சாரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நகைக்கும் பாவை

கொல்லிமலையில் ஒரு பாவை உண்டென்று சங்கப் புலவர் பாடினர். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அது தலைவியின் அழகுக்கு உவமையாக வருகிறது. நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர் அதன் இயல்பை விரித்துரைக்கிறார். காற்று மோதினாலும், மழை விரைந்து பெய்தாலும், இடி சினந்து விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு கெடாத பாவை அது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பரணரின் பாவை இடியோசைக்கும் அசைந்து கொடுப்பதில்லை. அதற்குச் செவியும் இல்லை, குரலும் இல்லை. ஆகவே அது வியப்பைத் தருகிறது, அச்சத்தைத் தரவில்லை.

பிற்கால உரைகளிலும் வழக்காறுகளிலும் இப்பாவை மாறிவிடுகிறது. தன்னை நெருங்கி வருவோரை நகைத்து மயக்கி உயிர் கொள்ளும் மோகினியாக அது பேசப்படுகிறது. இன்று நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனாக வணங்கப்படும் தெய்வத்தை மக்கள் கொல்லிப்பாவை என்றே சொல்கின்றனர். அழகுப் பாவை அச்சப் பாவையாக மாறிய இவ்வரலாற்றில் புதிதாகச் சேர்ந்தவை இரண்டே. ஒன்று, ஆள் வருவதை அறியும் உணர்வு. மற்றொன்று, அறிந்ததும் எழும் நகைப்பு. சவப்பெட்டிப் பொம்மைக்குள் இன்றைய சேகரிப்பாளர் பொருத்துவனவும் இவ்விரண்டுதாம்: ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும்.

அழுதவளுக்கு விடை சொன்ன தூண்

காப்பியங்களில் வரும் பாவைகள் வேறு வகையின. புகார் நகரின் ஐவகை மன்றங்களைச் சொல்லும் சிலப்பதிகாரம், அவற்றுள் ஒன்றாகப் பாவை மன்றத்தைக் குறிப்பிடுகிறது. அரசனின் செங்கோல் கோடினாலும், அறங்கூறு அவையத்தார் ஒருபால் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை நாவால் உரையாமல் கண்ணீர் சொரியும். நாடெங்கும் நடப்பதை அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

மணிமேகலையின் கந்திற்பாவை பேசவே செய்கிறது. சக்கரவாளக் கோட்டத்துச் சம்பாபதி கோயில் தூணில் மயன் வகுத்த பாவை அது. துவதிகன் என்னும் தெய்வம் அதில் உறைகிறது. உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கிறான். மணிமேகலை அரற்றியபடியே அவனுடலை நெருங்குகிறாள். அப்போது தூணிலிருந்து குரல் எழுந்து அவளைத் தடுக்கிறது. முற்பிறப்பையும் இனி வருவதையும் எடுத்துரைக்கிறது. நள்ளிரவு, பக்கத்தில் சுடுகாடு, வெட்டுண்ட உடல், பேசும் தூண். பேய்க்கதைக்குரிய அத்தனை பொருளும் இருந்தும், அக்காதையைப் படிப்பவர் மனத்தில் ஆறுதலே மிஞ்சுகிறது. தூண் செவிமடுத்தது ஒரு பெண்ணின் அழுகையை, பேசியது அவளுக்காக.

விக்கிரமாதித்தன் கதையை அறியாத தமிழ் வீடு முன்னாளில் அரிது. சிம்மாசனத்தின் படிகளில் முப்பத்திரண்டு பதுமைகள். போஜராஜன் காலெடுத்து வைக்குந்தோறும் ஒரு பதுமை நகைத்து, அவனை நிறுத்தி, கதை சொல்லும். அடி பட்டதும் இயங்கும் பொம்மை என்று இன்றைய மொழியில் இதைக் கூறிவிடலாம். எனினும் அப்பதுமைகள் கேட்டது அரியணை ஏறும் தகுதி உனக்கு உண்டா என்ற கேள்வியை.

திரைக்குப் பின்னிருந்த செவி

கதையில் பேசிய பாவை கண்முன் பேசியது தோற்பாவைக் கூத்தில். மதுரை தொடங்கிக் கன்னியாகுமரி வரை, நம் பகுதி உட்பட, மண்டிகர் குடும்பத்தார் ஊர் ஊராகச் சென்று இராமாயணத்தை நடத்திக் காட்டினர். இராமனுக்கும் சீதைக்கும் இராவணனுக்கும் அனுமனுக்கும் திரைக்குப் பின்னிருந்த ஒரே கலைஞர் குரல் கொடுத்தார். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்ச் செய்தி பேசிச் சிரிக்க வைப்பர்.

அவ்விருவரின் பேச்சு ஒவ்வோர் இரவும் மாறும். கூட்டத்தில் சிரிப்பெழுந்தால் பேச்சு நீளும். குழந்தை வீறிட்டழுதால் அதற்கும் ஒரு பதில் வரும். பாவைக்குச் செவியிருப்பது போன்ற மயக்கம் காண்போருக்கு உண்டாகும். உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தது கலைஞரின் செவி. விளக்கொளியில் ஆடுவது ஆட்டுத்தோல் என்பதும், பேசுவது இன்னார் என்பதும் ஊரறிந்த செய்தி. ஆதலால் பத்துத் தலை இராவணன் முழங்கினாலும் சிறுவர்கள் மிரண்டார்களே தவிர வெருண்டு ஓடவில்லை.

திப்புவின் புலியும் எடிசனின் பொம்மையும்

பக்கத்தில் கலைஞர் இல்லாமலே குரல் எழுப்பும் உருவம் வேண்டுமென்ற ஆசை எந்திரத்தை நாடியது. நம் நாட்டில் அதற்குப் புகழ்பெற்ற சான்று திப்பு சுல்தானின் மரப்புலி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட இது, கீழே கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனைப் புலி கவ்வும் காட்சி. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும். மனிதனின் கை எழுந்து தாழும், அவன் ஓலமிடுவான், புலி உறுமும். புலியின் விலாவைத் திறந்தால் வாசிக்கத்தக்க இசைக்கட்டைகளும் உண்டு. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு இலண்டனுக்குச் சென்றது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் வைத்திருந்தபோது, வருவோர் போவோரெல்லாம் கைப்பிடியைச் சுழற்ற, நூலகத்தில் படிக்க வந்தவர்கள் அவ்வோலத்தால் அல்லலுற்றனர். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒருவகையில், சேகரிப்புக்குரிய அச்சப் பொம்மைக்குக் குரல் பொருத்திய முன்னோடி திப்புவின் தச்சரே எனலாம்.

ஐரோப்பாவில் 1824இல் மேல்ட்செல் என்பவர் அம்மா, அப்பா என்று சொல்லும் பொம்மைக்குப் பாரிசில் காப்புரிமை பெற்றார். அதுவும் துருத்தியால் இயங்கியதே. மனிதக் குரலையே பொம்மைக்குள் வைத்தவர் எடிசன். 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டவர், 1890இல் அதன் சிற்றுருவை 22 அங்குலப் பொம்மையின் தகர உடலுக்குள் அடைத்து விற்பனைக்கு அனுப்பினார். முதுகிலுள்ள கைப்பிடியைச் சீராகச் சுழற்றினால் பொம்மை குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொல்லும். அக்காலத்தில் ஒரு பதிவிலிருந்து பல படிகள் எடுக்க இயலாது. ஆகவே இளம்பெண்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு முறை பாடச் செய்தனர். மெழுகு விரைவில் தேய்ந்தது, குரல் கீச்சிட்டது, குழந்தைகள் அஞ்சின. சில வாரங்களிலேயே விற்பனை நின்றது. எஞ்சிய பொம்மைகளின் பதிவுகளை ஊசி படாமல் ஒளியால் அளந்து ஒலியாக மாற்றி 2015இல் வெளியிட்டனர். அவற்றைக் கேட்போருக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். அச்சுறுத்தும் நோக்கம் எடிசனுக்கு எள்ளளவும் இல்லை. முகமறியாத ஒரு பெண்ணின் குரல் தகர உடலுக்குள்ளிருந்து வந்ததே போதுமானதாயிற்று.

திரையுலகம் இதை நன்கு பிடித்துக்கொண்டது. 1960இல் கடைகளுக்கு வந்த மேட்டல் நிறுவனத்தின் 'சாட்டி கேத்தி' பொம்மை, முதுகுக் கயிற்றை இழுத்தால் அன்பாகப் பேசும். அதற்குக் குரல் தந்தவர் ஜூன் ஃபோரே. 1963இல் 'டுவிலைட் சோன்' தொலைக்காட்சித் தொடரில் குடும்பத் தலைவனைக் கொல்லப்போவதாக மிரட்டும் பொம்மை ஒன்று வந்தது. அதற்கும் அவரே குரல் கொடுத்தார்! 1988இல் 'சைல்ட்ஸ் பிளே' திரைப்படத்தின் சக்கி வந்தான். தமிழிலும் 1991இல் 'வா அருகில் வா' என்னும் படம் பொம்மைக்குள் ஆவியைப் புகுத்தியது.

ரெக்ஸ் முதல் ஃபர்பி வரை

இதுவரை கண்ட எந்திரங்களெல்லாம் பேசின, கேட்கவில்லை. கைப்பிடியைச் சுழற்றவோ கயிற்றை இழுக்கவோ மனிதக் கை வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் வந்த 'ரேடியோ ரெக்ஸ்' என்ற விளையாட்டு நாய் இந்நிலையை மாற்றியது. கூண்டுக்குள் மின்காந்தம் நாயைப் பிடித்து வைத்திருக்கும். 'ரெக்ஸ்' என்று உரக்க அழைத்தால், அச்சொல்லின் உயிரொலியில் நொடிக்கு 500 அதிர்வுகள் அளவில் உள்ள ஆற்றல் ஓர் உலோகத் தகட்டை அதிரச் செய்யும். மின்னோட்டம் ஒரு கணம் அறும். சுருள்வில் நாயை வெளியே தள்ளும். தன் பெயரை அறிந்து வந்த நாய் என்று குழந்தை நம்பும். அதே உயிரொலி அமைந்த வேறு சொல்லுக்கும் நாய் வந்திருக்கும்.

1998இல் ஃபர்பி வந்தது. ஒலிக்குக் கண்ணுருட்டி மழலை பேசிய அப்பொம்மை, தான் கேட்பதைப் பதிவு செய்துவிடும் என்று அஞ்சி, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையே தன் வளாகத்துக்குள் அதனைத் தடை செய்தது. 1999 சனவரியில் இச்செய்தி வெளியாயிற்று. ஃபர்பியால் எதையும் பதிய முடியாது. ஒலி எழுந்தது என்பதை மட்டுமே அது அறியும். ஒற்றறிதலில் கைதேர்ந்தவர்களையும் அஞ்ச வைத்தது ஒரு பஞ்சுப் பொம்மைக்குச் செவி உண்டு என்ற எண்ணம்.

வயிற்றுக்குள் இருப்பது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் கண்காட்சிக்காகத் திருவிழாக் கடைப் பொம்மை ஒன்றை வாங்கி, தலைமுடியை விரித்து, கண்ணுக்கு மை அப்பி, அதற்குச் செவியும் குரலும் கொடுத்தார். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த உறுப்புகளின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளர் செய்வதும் ஏறத்தாழ இதுவே என்பதால், அமைப்பைச் சுருங்கச் சொல்வோம்.

கண்டென்சர் மைக் எனப்படும் சிறிய ஒலிவாங்கி ஒலியைச் சில மில்லிவோல்ட் அளவுள்ள மின்னலையாக்கும். எல்எம்358 போன்றதொரு சில்லு அதைப் பெருக்கி, நாம் குறித்து வைத்த வரம்போடு ஒப்பிடும். வரம்பைத் தாண்டினால் 555 என்னும் டைமர் சில்லுக்குத் தூண்டல் போகும். அது குரல் சில்லை இயக்கும். ஐஎஸ்டி1820 என்ற சில்லில் 10 நொடிக் குரலைப் பதியலாம். மின்கலத்தைக் கழற்றினாலும் பதிவு அழியாது. நூறாண்டு நிற்கும் என்று தயாரிப்பாளரின் குறிப்பு சொல்கிறது. 8 ஓம் ஒலிபெருக்கி ஒன்று, பென்சில் மின்கலம் மூன்று. அவ்வளவே.

முதல் நாள் பொம்மை நிறுத்தாமல் சிரித்தது. தன் சிரிப்பைத் தானே கேட்டு மீண்டும் சிரித்துக்கொண்டிருந்ததே காரணம். குரல் ஒலிக்கும் நேரத்தில் செவி அடைபடுமாறு டைமரின் காலத்தை நீட்டி, ஒலிவாங்கியைச் சுற்றிப் பஞ்சு வைத்த பின்னரே அடங்கியது. பேசும்போது கேளாமையும், பேசி முடித்த பின் கேட்டலும் பொம்மைக்கும் விதியாயின.

அடுத்த இடையூறு நம் ஊருக்கே உரியது. பட்டாசுக்கு அரசு விதித்த ஒலி வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல். தீபாவளியை ஒட்டிய நாள்களில் சுற்றுவட்டாரத்தில் வேட்டுச் சத்தம் ஓயாது. ஒவ்வொரு வேட்டுக்கும் பொம்மை இருட்டறையில் தனியே சிரித்தது. வரம்பை உயர்த்தினால் பக்கத்தில் நின்று கூப்பிடுபவரின் குரலை அது கண்டுகொள்ளவில்லை. உரத்தது, உரக்காதது என்ற வேறுபாடு தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

இப்பகுதி மக்களின் செவி அப்படிப்பட்டதன்று. நாள்தோறும் வெடியோசையோடு வாழ்பவர்களுக்குச் சரம் எது, சோதனை வெடி எது என்று தெரியும். தரை அதிர ஒரு முழக்கம் கேட்டால், யாரும் சொல்லாமலே வாசலுக்கு வந்து புகை எழும் திசையைப் பார்ப்பார்கள். அத்திசை ஆலையில் வேலைக்குப் போனவர் பெயர் வாயில் வந்துவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகள் எத்தனையோ வீடுகளை இருளாக்கின. முன்னதில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னதில் ஏறத்தாழ 20 பேர். ஓசையைக் கேட்டு அதற்குள் ஒரு மனிதரைத் தேடுவதுதான் கேட்டல். வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்ததும், செவிச் செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்ததும் இந்தக் கேட்டலைக் கருதியே.

யாருடைய செவி?

ஃபர்பியைப் பற்றி 1999இல் எழுந்த வீண் அச்சம், பதினெட்டு ஆண்டுகள் கழித்து மெய்யாயிற்று. 'மை ஃபிரெண்ட் கேலா' என்ற பொம்மை குழந்தையின் பேச்சை இணையம் வழியே தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பி விடை பெற்றுத் தந்தது. 2017 பிப்ரவரியில் செர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு அதனை மறைமுக ஒற்றுக் கருவி என்று அறிவித்துத் தடை செய்தது. வீட்டில் வைத்திருப்போர் அழித்துவிட வேண்டும் என்றும் கூறியது. அதே மாதம் 'கிளவுட்பெட்ஸ்' என்னும் பஞ்சுப் பொம்மைகளின் வழியே குழந்தைகளும் பெற்றோரும் பரிமாறிய 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குரல் பதிவுகள் இணையத்தில் பாதுகாப்பின்றிக் கிடந்தமை வெளிப்பட்டது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆயினும் பொம்மை வாங்கும்போது யார் சட்டத்தைப் புரட்டுகிறார்கள்?

கேலாவின் முகத்தில் இரத்தக் கறை இல்லை. சவப்பெட்டியில் அது வரவில்லை. பொன்னிறக் கூந்தலும் புன்சிரிப்புமாகவே வந்தது. கந்திற்பாவைக்குப் பின்னால் துவதிகன் இருந்தான். இராவணனுக்குப் பின்னால் கூத்துக் கலைஞர் இருந்தார். எடிசனின் பொம்மைக்குள்ளும் பெயர் தெரியாத ஒரு பெண் இருந்தாள். இவர்களுள் எவரும் குழந்தை சொன்னதை மூட்டை கட்டி எடுத்துச் செல்லவில்லை. பேசும் பாவை எதுவாயினும் அதன் பின்னே யார், அவர் யாருக்காகக் கேட்கிறார் என்ற வினாவை எழுப்பாமல் அதை வீட்டுக்குள் விடலாகாது என்பதே இந்நெடிய வரலாற்றிலிருந்து நாம் பெறுவது.

அவ்வகையில், சேகரிப்பாளர் தம் கையால் குரல் பொருத்திய கோரப் பொம்மை அத்தனை பொல்லாதது அன்று. அதன் வயிற்றைத் திறந்து பார்க்கலாம். கம்பி எங்கிருந்து எங்குப் போகிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். மின்கலத்தைக் கழற்றினால் பேயும் உறங்கிவிடும்.

நம் மாணவரின் பொம்மை கண்காட்சியில் பலரைத் திடுக்கிட வைத்தது. உள்ளே பதிந்திருந்த சிரிப்பு அவருடைய அப்பத்தாவினது. பேரன் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்து, அவரறியாமல் பதிந்துகொண்டார். கண்காட்சிக்கு வந்த அம்மூதாட்டி பொம்மை முன் நின்று கேட்டுவிட்டு, "ஏய்யா, நானா இப்பிடிச் சிரிக்கேன்?" என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் பொம்மையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். அதன்பின் அந்தப் பொம்மைக்கு யாரும் அஞ்சவில்லை. அவர் இன்னொரு முறை சிரிக்க வேண்டுமென்றே கை தட்டினார்கள்.